மூச்சு வைத்தியமும் ஒரு மழை வாரமும்

எங்கள் மாவட்ட மனநலக் குழு ஆண்டு மலர் போடப்போகிறதாம். குழுவில் இப்போது நர்ஸாக இருக்கும் ஜெனிபா போன் பண்ணி, ‘சைக்யாட்ரி’ என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். நீங்கள்தான் சார் அதற்குச் சரியான ஆள் என்றார். சரியான ஆள் என்றால் வேறு யாரும் சிக்கவில்லை என்று அர்த்தம். முப்பத்தொரு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனுக்கு இதுகூடவா தெரியாது?

கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். கிரேக்க மொழியில் ‘சைக்கே’ என்றால் மூச்சு. ஊதுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. மூச்சு இருக்கும்வரைதானே உயிர், ஆகவே உயிருக்கும் அதே சொல் ஆயிற்று. பிறகு ஆன்மா, மனசு என்று விரிந்தது. பட்டாம்பூச்சியையும் அவர்கள் அப்படித்தான் சொன்னார்களாம். ‘இயாட்ரோஸ்’ என்றால் வைத்தியர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியில் ஒரு டாக்டர் இரண்டையும் ஒட்டவைத்து இந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டார். அவ்வளவுதான், ஜெனிபா கேட்டது முடிந்தது.

ஆனால் இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஜீப்பின் பின்சீட்டில், மடியில் ஒரு ஈரக்குட்டி நெளிய, காலடியில் ஒரு தாய் ஆடு கத்த, கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. தூக்கம் வராதவனை எங்கள் துறையில் என்ன செய்வார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நர்சிங் படித்த வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பில் ஆண்பிள்ளைகள் மூன்று பேர். ஊசி போட முதலில் கத்தரிக்காயில் பழகினோம், பிறகு ஒருவருக்கொருவர் போட்டுப் பழகினோம், கத்தரிக்காயே தேவலை என்றிருந்தது. அதற்கப்புறம் பல ஊர், பல வார்டு. கடைசிப் பன்னிரண்டு வருஷம் மனநலக் குழுவில். விரும்பிப் போனவன் என்று பெருமையடிக்க மாட்டேன். யார் போகிறீர்கள் என்று கேட்டபோது எல்லாரும் குனிந்துகொண்டார்கள், எனக்கு அன்று கழுத்து வலி.

குழு என்றால் ஒரு டாக்டர், நான், ஒரு ஜீப், அதை ஓட்டும் அந்தோணி. கோவில்பட்டியிலிருந்து கிளம்பி, கிழமைக்கு ஓர் ஊர் போவோம். செவ்வாய் ஓட்டப்பிடாரம் பக்கம், வியாழன் கயத்தாறு பக்கம். போகிற இடத்தில் ஓர் அறை கொடுப்பார்கள். பெரும்பாலும் அது பழைய கட்டில்கள் போட்டுவைத்த அறையாக இருக்கும். கட்டிலை நகர்த்தினால் க்ளினிக் தயார். எங்கள் அறைக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘தூக்க டாக்டர் ரூம்’. வருகிறவர்கள் யாரானாலும் முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்போம், அதனால் வந்த பெயர். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரும் கூச்சமில்லாமல் வரலாம்.

அப்படியிருக்க, டாக்டர் சௌந்தரவல்லி எங்களிடம் வந்து சேர்ந்தார். கும்பகோணத்துக்காரர். வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வரும் ஊரில் பிறந்தவர். நாங்கள் தண்ணீருக்கு வானத்தைப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்ட ஜனம்.

அவருடைய முறைகளைச் சொல்ல வேண்டும். முதல் நாளே மேஜையைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். டாக்டருக்கும் வந்தவருக்கும் நடுவில் மரம் எதற்கு என்றார். அடுத்து நாற்காலிகள். எல்லாம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். அவருக்கென்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்து வைத்த சுழல் நாற்காலியை வெளியே அனுப்பிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சுழல் நாற்காலியில் அன்று முழுக்க வாட்ச்மேன் சுற்றிக்கொண்டிருந்தார். வைத்தியத்துக்கு வந்தவர் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவார். பிடிக்கவில்லையென்றால் எழுந்து போக வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். கூட வந்தவருக்கு ஓரடி பின்னால் நாற்காலி. அவருக்கு முறை வரும்வரை வாய் திறக்கக் கூடாது. ஆனால் முறை கட்டாயம் வரும், எவ்வளவு நேரமானாலும் வரும்.

கேள்விகளிலும் ஒழுங்கு. நல்லாத் தூங்குறீங்களா என்று கேட்கவே மாட்டார். நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், நடுவில் எத்தனை தடவை முழிப்பு வந்தது என்று கேட்பார். அப்புறம் சாப்பாடு. மூன்றாவது கேள்வியை வேறு எந்த டாக்டரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த வாரம் எதற்குச் சிரித்தீர்கள் என்பார். பதிலைக் கேட்டுவிட்டு, கேஸ் ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பார். உள்ளே பேனா, ஓரத்தில் பென்சில். ஆள் மாறினால் அழிக்க இடம் வேண்டுமில்லையா என்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அவருக்கு அமைதி நீளம். வந்தவர் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருப்பார். அந்த மாதிரி நேரங்களில் நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவர் வந்த வருஷம் ஐப்பசியில் மழை விழுந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் கரிசல் வருஷத்தில் பாதிக்கு மேல் வெடித்துக் கிடக்கும். மழை விழுந்துவிட்டால் நாலைந்து நாள்தான். மண் பதமாக இருக்கும்போதே விதைத்துவிட வேண்டும். ஈரம் காய்ந்தால் அந்த வருஷம் போச்சு. அதனால் அந்த வாரம் எங்கள் சனம் தூங்காது. டிராக்டருக்குச் சண்டை, விதைக்குச் சண்டை, சண்டை முடிந்ததும் கட்டிப்பிடித்துச் சிரிப்பு. வழக்கமாக ரெண்டு வார்த்தை பேசுகிற ஆள் இருபது வார்த்தை பேசுவார். உளுந்து போடலாம், பாசி போடலாம், ஓரத்தில் சூரியகாந்தி போடலாம், மகளுக்குத் தையில் கல்யாணம் வைக்கலாம் என்று பெரிய பெரிய திட்டமெல்லாம் ஒரே மூச்சில் வரும். எனக்கும் அஞ்சு ஏக்கர் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டர் தம்முடைய மூன்று கேள்விகளோடு உட்கார்ந்தார். முதலில் வந்தவர் இரண்டு நாளாகப் படுக்கவேயில்லை என்றார், சொல்லும்போதே பாட்டு மாதிரி சொன்னார். அடுத்தவர் புதியம்புத்தூரில் சட்டை தைக்கிறவர். முதலாளியிடம்கூடச் சொல்லாமல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு விதைக்க ஊருக்கு ஓடிவந்திருந்தார். மூன்றாவது ஆள் வைத்தியத்துக்கே வரவில்லை, மனைவிக்கு மாத்திரை வாங்க வந்தவர். டாக்டர் கேட்காமலே தம் நிலத்தின் நாலு எல்லையையும் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். எதற்குச் சிரித்தீர்கள் என்ற கேள்விக்கு எல்லாரும் சிரிப்பையே பதிலாகச் சொன்னார்கள்.

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். காலையிலிருந்து பார்த்த எல்லாருக்கும் அளவுக்கு மீறிய உற்சாக நோயின் அடையாளம் அத்தனையும் இருக்கிறது, தூக்கமில்லை, பேச்சு நிற்கவில்லை, திட்டம் ஏராளம் என்றார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார்.

“சண்முகராஜ், நீங்க நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க?”

“நான் எங்க மேடம் படுத்தேன்? விதைப்புல்லா.”

“இந்த ஊர்த் தண்ணியில யாராவது எதையாவது கலக்கறாங்களா?”

“தண்ணி வந்ததே போதும் மேடம். கலக்க வேற வேணுமா?”

அவர் முதலில் சிரிக்கவில்லை. நான் சன்னலைத் திறந்து காட்டினேன். எதிர்ப் புஞ்சையில் ஒருவர் டிராக்டருக்கு முன்னால் துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டே நடந்தார். அவர் அந்த ஊர் பஞ்சாயத்துத் தலைவர். அதைப் பார்த்ததும் டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். அப்புறம் சொன்னார், இந்த வாரத்தில் யார் மழையால் இப்படி இருக்கிறார், யார் நோயால் இப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று.

அப்படித்தான் எனக்கு அந்தப் பதவி கிடைத்தது. மழை வாரத்தில் வரிசையில் நிற்கிறவர்களோடு பேசிப் பார்த்து, வெறும் மழைச் சந்தோஷம்தான் என்று தெரிந்தால் கேஸ் ஷீட்டின் மூலையில் பென்சிலால் ‘ம’ என்று போடுவேன். ‘ம’ போட்டவருக்கு நீண்ட விசாரணை கிடையாது. மாத்திரையை வாங்கிக்கொண்டு ஈரம் காய்வதற்குள் புஞ்சைக்கு ஓடலாம். கவர்னர் கையெழுத்துப் போடுகிற நினைப்பில் நான் ‘ம’ போட்டேன். அந்த வருஷம் ஒன்றுகூடத் தப்பாகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் மழை வாரத்தில், கயத்தாற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன ஊரில் க்ளினிக். ஊர்ப் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. வேலுச்சாமியும் அவர் மனைவி முத்தம்மாளும் வந்திருந்தார்கள். வேலுச்சாமிக்கு நாற்பது வயதிருக்கும். பரம்பரையாக ஆடு மேய்க்கிற குடும்பம். அறுபது உருப்படி ஆடு, கூடவே சமீபத்தில் வாங்கிய நாலு ஏக்கர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அந்த அளவுக்கு மீறிய உற்சாக நோய் வந்து, ஏழு நாள் தூங்காமல் நடந்தே திருச்செந்தூர் போய்விட்டார். அதற்கப்புறம் லித்தியம் மாத்திரை. மாத்திரை போட்டபிறகு, மாதாமாதம் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிற மனிதர்.

அன்றைக்கு அவர் ஒரு பை நிறையக் கடலைமிட்டாய் கொண்டுவந்திருந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கொடுத்தார். வாட்ச்மேனுக்குக் கிடாக்குட்டி தருவதாகச் சத்தியம் செய்தார். அந்தோணியின் ஜீப் பேனட்டைத் தட்டி, இவனுக்கும் வயசாகுது, ஒரு பொண்ணு பாக்கணும் என்றார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எனக்கோ அன்று விடிகாலையில்தான் உளுந்து போட்டு முடித்த சந்தோஷம். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, நாலு ஏக்கரும் விதைச்சாச்சா என்று கேட்டேன். விதைச்சாச்சு அண்ணாச்சி, வானத்துக்கும் சேத்து விதைச்சாச்சு என்றார். நான் ‘ம’ போட்டேன்.

முத்தம்மாள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, மழை பேஞ்சா நாங்க சிரிக்க மாட்டோம்.”

நாலு ஏக்கர்க்காரர் ஆகிவிட்டாரில்லையா அம்மா, இனிமேல் சிரிக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ‘ம’ விழுந்துவிட்டதால் அவருக்கு உள்ளே பேசும் முறையும் வரவில்லை. ஒரு மாதத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு இருவரும் போனார்கள்.

மத்தியானம் க்ளினிக் முடிந்து ஜீப் கோவில்பட்டிப் பக்கம் திரும்பியது. தூறல். காற்றாலைகள் ஒன்றுகூடச் சுற்றவில்லை. ரோட்டோரத்தில் ஓர் ஆட்டு மந்தை நின்றிருந்தது. ஈரக் கரிசல் காலில் அப்பிக்கொண்டு நகர முடியாமல், ஒன்றை ஒன்று ஒட்டி, தலையைத் தொங்கப்போட்டு நின்றன. சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓர் ஆள் நடுவில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவர் வீட்டில் துக்கம் என்று யாரும் நினைப்பார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை பெய்தால் ஆட்டுக்காரருக்கு என்ன சந்தோஷம்? குளம்பு இடுக்கில் புண் வரும். சளி பிடிக்கும். குட்டிகள் சாகும். எல்லாப் புஞ்சையிலும் விதை விழுந்துவிடுவதால் ஆடு கால்வைக்க இடமிருக்காது, எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஏச்சு விழும். நாங்கள் ஆடுகிற வாரம்தான் அவர்கள் அழுகிற வாரம். இதே ஊர்ப் பக்கம் ஐம்பது வருஷம் வாழ்ந்தவனுக்கு இது தெரியாமலில்லை. என் சந்தோஷத்தை எல்லார் தலையிலும் கட்டிவிட்டேன், அவ்வளவுதான். அந்த அம்மாள் ஒரே வரியில் நோயைச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு நான் பகடி பண்ணியிருக்கிறேன்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன். டாக்டரிடம் திரும்பி, வேலுச்சாமிக்கு நான் போட்டது தப்பு மேடம் என்றேன், ஏன் தப்பு என்பதையும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கைப்பையிலிருந்து அழிரப்பரை எடுத்து அந்த ‘ம’வை அழித்துவிட்டு, “திருப்புங்க அந்தோணி” என்றார்.

வேலுச்சாமியின் மந்தை நாலுவழிச் சாலையில் லாரிகள் டீக்கு நிற்கிற இடத்தில் கிடந்தது. தூரத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் எதிரே வந்த லாரி ஒன்றின் டிரைவர் மடியில் ஒரு வெள்ளாட்டுக்குட்டி உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த லாரியில் இரண்டு. வேலுச்சாமி ரோட்டோரத்தில் நின்று, நிற்கிற வண்டிக்கெல்லாம் ஆளுக்கொரு குட்டியைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உலகமே நனையுது, எல்லாருக்கும் ஒரு குட்டி வேணும் என்று சத்தமாகச் சொன்னார். ஹிந்தி பேசுகிற டிரைவர்கள் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள். முத்தம்மாள் ஒவ்வொரு லாரியாக ஓடி, தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த மந்தைதான் அவர்களுடைய வீடு, சோறு, பிள்ளைகளின் படிப்பு எல்லாமே. அது கண்முன்னால் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

எங்களைப் பார்த்ததும் முத்தம்மாள் மடியிலிருந்து ஒரு தகரடப்பாவை எடுத்து நீட்டினார். திறந்தால் மாத்திரை அட்டைகள், ஒன்றும் பிரிக்கப்படவில்லை. ஒன்றரை மாதமாக வேலுச்சாமி மாத்திரையைத் தொடவில்லை. காலையில் இதைச் சொல்லத்தான் முறைக்குக் காத்திருந்தாராம். எனக்குத் தலை நிமிரவில்லை.

டாக்டர் நேராக வேலுச்சாமியிடம் போனார். வேலுச்சாமி உட்காரவில்லை, நிற்கவுமில்லை, சுற்றிக்கொண்டேயிருந்தார். டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார், நாற்காலி இல்லை. புடவையோடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தோணி, சீட்டெல்லாம் போச்சு என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஒரு டாக்டரம்மா சேற்றில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் வேலுச்சாமிக்கு ஆச்சரியம், குந்தி உட்கார்ந்தார். இருவரும் ஒரே உயரத்துக்கு வந்தார்கள். டாக்டர் ஆரம்பித்தார், நேத்து எத்தனை மணிக்குப் படுத்தீங்க என்று.

பதில் வருவதற்குள் பின்னால் ஓர் ஆடு முனகியது. சினையாடு, ஈன்றுகொண்டிருந்தது. குட்டி வெளியே விழுந்தது. சேற்றில் விழுந்து கிடந்த குட்டி அசையவில்லை.

வேலுச்சாமியின் பேச்சு நின்றது. காலையிலிருந்து நிற்காத பேச்சு. எழுந்து போனார், அவசரமேயில்லை. குட்டியின் வாய்க்குள் விரல் விட்டுக் கோழையை வழித்து எறிந்தார். பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாக ஒரு வீச்சு வீசினார். வைக்கோலை எடுத்து நெஞ்சைத் தேய்த்தார். அப்புறம் குட்டியின் மூக்கில் வாயை வைத்து மெதுவாக ஊதினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. நான் பல பேருக்குச் செயற்கை மூச்சுக் கொடுத்தவன், அவ்வளவு நிதானமாக நான் கொடுத்ததில்லை. லாரி டிரைவர்கள்கூட இறங்கி வந்து நின்றார்கள். நாலாவது ஊதலில் குட்டி தும்மியது. தும்மி, தலையை உதறி, கத்தியது.

கூட்டம் கைதட்டியது. வேலுச்சாமி மறுபடி உற்சாகமாகிக் குட்டியைத் தூக்கி டாக்டர் கையில் கொடுத்தார்.

“இந்தாங்க டாக்டரம்மா, ஒங்களுக்கு.”

டாக்டர் குட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“நீங்க இப்ப இதுக்குச் செஞ்சதுதான் என் வேலை. என் டிபார்ட்மெண்ட் பேருக்கே அதான் அர்த்தம், மூச்சுக்கு வைத்தியம். நான் உங்களை ஏமாத்திக் கூட்டிட்டுப் போகமாட்டேன். மாத்திரை விட்டுப்போச்சு, தூக்கம் போச்சு, உடம்பு தாங்காது. ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில இருக்கணும்.”

“நான் சந்தோசமாத்தான இருக்கேன்?”

“இருக்கீங்க. ஆடுங்க எப்படி இருக்கு?”

அவர் திரும்பி மந்தையைப் பார்த்தார். சேற்றில் தலைதொங்க நின்ற ஆடுகளை, இவ்வளவு நேரமும் நடுவிலேயே நின்றவர், அப்போதுதான் பார்த்தார். ஒன்றின் காலைத் தூக்கிக் குளம்பைப் பிரித்துப் பார்த்தார். புண். 

“முத்து,” என்றார் மனைவியிடம், “நான் மழையில சிரிச்சுக்கிட்டா நிக்கேன்?”

முத்தம்மாள் அவர் கையைப் பிடித்து ஜீப்புக்குக் கூட்டிவந்தார். தாயைப் பிரித்தால் குட்டி பிழைக்காது, தாயும் வரட்டும் என்றார் வேலுச்சாமி. அப்படியாக அந்த ஜீப்பில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், புருஷன் பெண்டாட்டி, தாய் ஆடு, குட்டி எல்லாரும் ஏறினோம். மிச்ச மந்தையை முத்தம்மாளின் தம்பி பார்த்துக்கொண்டார். அந்த ஓட்டத்தில்தான், குட்டி என் மடியில் ஒன்றுக்குப் போக, டாக்டர் ‘சைக்கே’, ‘இயாட்ரோஸ்’ எல்லாம் வேலுச்சாமிக்கு விளக்கினார். பட்டாம்பூச்சிப் பேச்சு வந்ததும் வேலுச்சாமி குறுக்கிட்டார். மூச்சு சரி, உயிர் சரி, பூச்சி எதுக்கு என்று கேட்டார். டாக்டர் தமக்கும் அது தெரியாது என்றார். அந்தோணி கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, ஒரு ஜென்மத்துக்கும் இந்த வண்டி நாத்தம் போகாது என்றான்.

கொடுத்த குட்டிகளைப் பற்றிக் கேட்பீர்கள். சுங்கச்சாவடிக்குப் போன் பண்ணி, குட்டி வைத்திருக்கிற லாரி வந்தால் நிறுத்துங்கள் என்றேன். அங்கிருந்தவர் என்னையே தூக்க டாக்டரிடம் போகச் சொன்னார். நான் அங்கிருந்துதான் பேசுகிறேன் என்றதும் நம்பினார். மொத்தம் இருபத்துமூன்று கொடுத்திருந்தார், இருபத்திரண்டு திரும்பின. எல்லா டிரைவர்களும் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள், ஒருவர் மட்டும் அதற்கு அதற்குள் பெயர் வைத்துவிட்டதால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்தாராம். மிச்சம் ஒன்று நாக்பூர்வரை போய்விட்டது. மாதங்கள் கழித்து அதன் படம் போனில் வந்தது, கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு. முத்தம்மாள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, நல்லாத்தான் வச்சிருக்காவ என்றார்.

வேலுச்சாமி மூன்று வாரத்தில் வீட்டுக்குப் போனார், பழையபடி நாற்காலி நுனிக்கு வந்தார். நான் முத்தம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்க திரும்பி வந்தீங்கல்லா அண்ணாச்சி, அது போதும் என்றார். டாக்டரிடம், இனி நான் ‘ம’ போட மாட்டேன் மேடம் என்று பென்சிலைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ‘ம’ போடுங்கள், ஆனால் கூட வந்தவர் பேசி முடித்தபிறகு போடுங்கள் என்றார். அன்றிலிருந்து மழை வாரத்தில் முதலில் பேசும் முறை கூட வந்தவருக்குத்தான்.

மறு வருஷம் ஐப்பசியில் மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. வியாழக்கிழமை வரிசையில் முத்தம்மாள் மட்டும் தனியாக நின்றார்.  உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, அவிய எங்கேம்மா என்று கேட்டேன். முத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தும் சிரிப்பு போகவில்லை. அந்த மாதிரிச் சிரிப்பை, மழை வாரத்தில், ஓர் ஆட்டுக்கார வீட்டு அம்மாளிடம் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

“ஆட்டுக்கெல்லாம் கால்புண்ணு, வர முடியல. விடிஞ்சதிலேருந்து ஒரே பொலம்பல் அண்ணாச்சி. மழையத் திட்டுதாவ, ஆட்டத் திட்டுதாவ, என்னயத் திட்டுதாவ.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பென்சிலை எடுத்து, வேலுச்சாமியின் கேஸ் ஷீட் மூலையில் எழுதினேன்: ‘மழை. புலம்புகிறார்.’ டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, பேனாவை எடுத்து, நான் எழுதியதை அப்படியே உள்ளே எழுதிக்கொண்டார்.